ஷெஃப்லின் ஆட்டத்தில் கண்டவை: பெனால்டி, ஃப்ரீ, முழங்கால்

ஹர்லிங் என்பது மட்டையால் சிறு பந்தை அடித்து ஆடும் அயர்லாந்து ஆட்டம். 2012 அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதி, டப்ளினின் க்ரோக் பார்க் மைதானம், செப்டம்பர் 9. கில்கென்னி, கால்வே மாவட்ட அணிகள் சமநிலை. முடிய இரண்டொரு நிமிடம் இருக்கும்போது கில்கென்னிக்குப் பெனால்டி. கில்கென்னியின் ஹென்றி ஷெஃப்லின் கோலுக்கு அடிக்கவில்லை. குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பி ஒரு புள்ளி எடுத்துக்கொண்டார். கோலுக்குப் போயிருக்க வேண்டும் என்று இன்றும் சொல்கிறார்கள். அன்றைய விதியை மறந்துவிட்டுச் சொல்வது அது. கோல் கோட்டில் மூன்று பேர் மட்டையோடு நிற்பார்கள். கோலி ஒருவர் மட்டும் என்பது 2015இல்தான் வந்தது. நுழைந்தால் மூன்று புள்ளி, தடுத்தால் ஒன்றும் இல்லை. கால்வேயின் ஜோ கேனிங் கடைசி ஃப்ரீயில் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் அடி) சமன் செய்ததால்தான் (0-19, 2-13; முதல் எண் கோல், அடுத்தது புள்ளி) அந்த முடிவு தவறுபோலத் தெரிகிறது. கில்கென்னியின் 19 புள்ளிகளில் 12 ஷெஃப்லின் அடித்தவை. மறு ஆட்டத்தில் 3-22, 3-11 என்று கில்கென்னி வென்றது.

*

அந்த 12இல் பெரும்பகுதி ஃப்ரீ என்பதால் இதைச் சேர்க்கிறேன். ஃப்ரீயில் பந்தைக் கையால் தொடக் கூடாது. மட்டையின் அகன்ற நுனியைப் பந்துக்கு அடியில் உருட்டிக் கொடுத்துத் தூக்கி, விழுவதற்குள் அடிக்க வேண்டும். பந்து 110 முதல் 120 கிராம். தோல் சேரும் இடத்தில் மேடு ஓடும். மட்டை அந்த மேட்டில் இடறினால் தூக்கலே கோணும். பந்து உடம்பை ஒட்டி எழுந்தால் முழங்கை மடங்கி அடி இழுபடும்; தள்ளி எழுந்தால் எட்டிப்பிடித்து அடிக்க வேண்டிவரும். முதல் தூக்கல் தவறினால் உடனே தரையிலேயே அடித்தாக வேண்டும். தாமதித்தால் 20 மீட்டர் தள்ளி நின்ற எதிராளிகள் பாய்ந்துவிடுவார்கள். ஷெஃப்லினிடம் பார்க்க வேண்டியது அந்தத் தூக்கலைத்தான். ஒவ்வொரு முறையும் ஒரே உயரம்.

*

முழங்காலைப் பற்றிப் பேசாமல் அவரைப் பற்றிப் பேச முடியாது. 2007 இறுதியில் லிமெரிக்குக்கு எதிராக கோல் அடித்துவிட்டு, முழங்கால் தசைநார் கிழிந்து இடைவேளையோடு வெளியேறினார். அந்த ஆண்டு அணித் தலைவர் அவரே. 2010 அரையிறுதியில் கார்க்குக்கு எதிராக மறுபடியும் கிழிந்தது. நான்கே வாரத்தில், ஐந்தாவது தொடர் பட்டத்துக்காக, டிப்பரரிக்கு எதிரான இறுதியில் இறங்கினார். கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அவரை இறக்கியது பிழை என்றே சொல்வேன். தொடைத் தசை எவ்வளவு வலுவாக இருந்தாலும் நேராக ஓடத்தான் துணை நிற்கும். ஊன்றிய காலில் உடம்பு திரும்பும்போது முழங்காலைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தசைநார். ஹர்லிங்கில் திரும்பாமல் ஒரு நிமிடம் ஆட முடியாது. அறுவைக்குப் பின் வழக்கமாக ஒன்பது மாதம் ஆகும். சம்பளம் இல்லாத ஆட்டம் வேறு. வேலையும் பார்த்துக்கொண்டுதான் தேற வேண்டும்.

அதற்குப் பிறகும் 2011, 2012, 2014 என்று மூன்று பதக்கம், மொத்தம் பத்து. பத்தாவது, மாற்று ஆட்டக்காரராக இறங்கி வாங்கியது. 2015 மார்ச் 17இல் பாலிஹேல் ஷாம்ராக்ஸோடு கிளப் பட்டம்; அடுத்த வாரமே கில்கென்னி அணியிலிருந்து ஓய்வு. 27 கோல், 484 புள்ளி (27-484) என்ற அவருடைய சாம்பியன்ஷிப் கணக்கை 2021இல் தாண்டியவர் அதே ஜோ கேனிங்.