இன்னிக்கு ராத்திரி யார் வீசணும்: ஸ்கீன்ஸா, ஹர்டா?

பேட்டன்ரூஜ் பாலா (2023 ஜூன் 26, காலை 11:20)
நேத்து நம்ம எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி) பேஸ்பால் டீம் ஃபுளோரிடா யூனிவர்சிட்டிகிட்ட 24-4னு வாங்கிக் கட்டிக்கிட்டது இன்னும் ஜீரணமாகல. சனிக்கிழமை 11 இன்னிங்ஸ் (வழக்கமா 9தான்) இழுத்து 4-3ல நம்ம எல்.எஸ்.யூ. ஜெயிச்சுது. ஆக 1-1. இன்னிக்கு ராத்திரி ஒமாஹால மூணாவது ஆட்டம், ஜெயிக்கிறவங்களுக்குக் கல்லூரி பேஸ்பால் கோப்பை. கோச் ஜே ஜான்சன் தாட்சர் ஹர்டை ஸ்டார்ட்டரா (முதல் பந்துலேருந்து வீசறவனா) இறக்குவார்னு பேச்சு அடிபடுது. எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல. நம்ம முதல் நம்பர் பிட்ச்சர் (பந்து வீசறவன்) பால் ஸ்கீன்ஸ் சும்மா உக்காந்திருக்கும்போது ஹர்டா? 1989ல பென் மெக்டொனால்ட் ஒரே சீசன்ல எடுத்த 202 ஸ்ட்ரைக்அவுட்தான் (மூணு ஸ்ட்ரைக்ல ஆளை அவுட் ஆக்கறது) நம்ம எஸ்.இ.சி. (தென்கிழக்குக் கல்லூரிகளோட) லீக் ரெக்கார்டா இருந்துது. போன வியாழக்கிழமை ஸ்கீன்ஸ் அதைத் தாண்டி 209ல நிக்கிறான். வீட்ல பட்டுப்புடவையைப் பெட்டிக்குள்ள வச்சுட்டு நைட்டியோட கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கு.

முழங்கை டாக்டர் (காலை 11:48)
பாலா, அந்த வியாழக்கிழமையைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஜூன் 22, வேக் ஃபாரஸ்ட் ஆட்டம். ஸ்கீன்ஸ் 8 இன்னிங்ஸ், 120 பந்து வீசி, 2 ஹிட்தான் விட்டார், ரன் கிடையாது. அதுக்கு முன்னாடி 17ஆம் தேதி டென்னசிக்கு எதிரா எட்டாவது இன்னிங்ஸ் வரைக்கும் போனார். சீசன் முழுக்க வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை வீசிப் பழகின கை அது. அந்த ஏழு நாள் இடைவெளி ஒமாஹாவுல ஏற்கெனவே அஞ்சாச்சு. இன்னிக்கு இறக்கினா நாலு. நான் பிசியோதெரபிஸ்ட், வீசற பசங்களோட முழங்கையைத்தான் தினமும் பார்க்கிறேன் (பட்டப்பேரைப் பார்த்து மருந்து கேக்காதீங்க, நான் டாக்டர் இல்ல). களைச்ச தோள் செய்ய வேண்டிய வேலையை முழங்கையோட உள்பக்க நார் ஏத்துக்கும். அது கிழிஞ்சா டாமி ஜான் ஆப்பரேஷன். 1974ல டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதல்ல செஞ்சது. மறுபடி ஆட்டத்துல வீச ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்.

ஃபிரெஸ்னோ சுந்தர் (பகல் 12:05)
ஐயா பயமுறுத்தாதீங்க. 2008ல நான் ஃபிரெஸ்னோவுல எம்.எஸ். படிச்சுக்கிட்டிருந்தேன். எங்க டீமை யாரும் மதிக்கல, தரவரிசைல கடைசி வரிசைல வச்சிருந்தாங்க. கோப்பை ஃபைனல்ல ஜார்ஜியாவோட இதே மாதிரி 1-1. மூணாவது ஆட்டத்துல ஜஸ்டின் வில்சனைக் குறைஞ்ச ஓய்வோடதான் இறக்கினாங்க. 8 இன்னிங்ஸ், 129 பந்து, 6-1 ஜெயிச்சோம். வில்சன் கை ஒண்ணும் கழண்டு விழல. மேஜர் லீக் (அமெரிக்காவோட உச்ச தொழில்முறை பேஸ்பால்) போய்ப் பத்து வருஷத்துக்கு மேல வீசிட்டார்.

முழங்கை டாக்டர் (பகல் 12:19)
போன வருஷம் அவருக்கும் டாமி ஜான் ஆச்சு.

ஃபிரெஸ்னோ சுந்தர் (பகல் 12:22)
14 வருஷம் கழிச்சு! அதுக்கும் 2008தான் காரணமா? நாளைக்கு எனக்கு மூட்டு வலி வந்தா எட்டாங்கிளாஸ் கபடியைச் சொல்லுவீங்க போல.

சேப்பாக்கம் சீனு (பகல் 12:40)
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கு கிரிக்கெட்தான் தெரியும். டெஸ்ட் மேட்ச்ல வேகப்பந்து வீச்சாளர் 40 ஓவர் போடறார். 240 பந்து. இங்க 120க்கே நாலு நாள் லீவா?

முழங்கை டாக்டர் (பகல் 12:58)
சீனு, நல்ல கேள்வி. கிரிக்கெட்ல ஓடி வந்து, கையை நீட்டி, தோளைச் சுத்தி வீசறாங்க. அடி விழறது முதுகுலயும் முன்னங்கால்லயும். அதனாலதான் அவங்களுக்கு முதுகெலும்புல விரிசல் வருது. பிட்ச்சர் ஓட முடியாது, மேட்டுல ஒரு காலைத் தூக்கி நின்ன இடத்துல இருந்தே மணிக்கு நூறு மைல் கொண்டு வரணும். மடங்கின முழங்கை சாட்டை மாதிரி விரியறதுலதான் அந்த வேகம் வருது. உங்க 40 ஓவரும் ரெண்டு இன்னிங்ஸ்ல, நாள் கணக்குல பிரிஞ்சு வரும். ஸ்கீன்ஸ் 120ஐயும் ஒரே ராத்திரில வீசினார்.

ஹூஸ்டன் அக்கா (பகல் 1:15)
எல்லாரும் ஸ்கீன்ஸைப் பத்தியே பேசறீங்க, ஹர்டைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல. வியாழக்கிழமை ஸ்கீன்ஸ் வீசி முடிச்சு வெளியேறினப்ப ஸ்கோர் 0-0. அப்புறம் வந்து ரன் விடாம 11ஆவது இன்னிங்ஸ் வரைக்கும் பிடிச்சது யாரு? ஹர்ட். அவன் பிடிச்சதாலதான் டாமி வொயிட் ஆட்டத்தை ஜெயிச்சுக் கொடுத்த அந்த ஹோம் ரன்னை (சிக்ஸர் மாதிரி) அடிக்க முடிஞ்சுது. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, தோத்தா வீட்டுக்குப் போகணும்ங்கிற ஆட்டத்துல நேட் ஆக்கன்ஹவுசனை ஸ்டார்ட்டரா இறக்கினார் ஜான்சன். எல்.எஸ்.யூ.வுக்கு அவன் அதுவரைக்கும் ஒரு ஆட்டத்தைக்கூட ஆரம்பிச்சதில்ல. பாலா தம்பி, அன்னிக்கும் நீங்க இங்க வந்து தலைல அடிச்சுக்கிட்டீங்க, நான் மறக்கல. 6 இன்னிங்ஸ், ஒரு ரன்கூட இல்ல. டென்னசி 5-0 காலி. பசங்க தினம் எப்படி வீசறாங்கன்னு பார்க்கிற மனுஷனுக்கு நம்மளைவிடக் கொஞ்சம் கூடத் தெரிஞ்சிருக்கும்.

பேட்டன்ரூஜ் பாலா (பகல் 1:31)
அக்கா, ஆக்கன்ஹவுசன் விஷயத்துல என் தப்பை ஒத்துக்கறேன். ஆனா அன்னிக்கு ஸ்கீன்ஸை இறக்க வழியே இல்ல, இன்னிக்கு இருக்கு. எட்டு இன்னிங்ஸ் கேக்கல, மூணு போதும். முதல் மூணு இன்னிங்ஸ் அவன் வீசட்டும், அப்புறம் ஹர்ட் வரட்டும். கடைசிக்குன்னு அவனைப் பொத்தி வச்சு, நாலாவது இன்னிங்ஸ்லயே 7-0 ஆயிட்டா அந்தக் கையை வச்சு என்ன பண்றது?

முழங்கை டாக்டர் (பகல் 1:50)
ஸ்டார்ட்டரா மூணு இன்னிங்ஸ்ங்கிறது நடுவுல கூப்பிடறதைவிட நல்லதுதான், அதை ஒத்துக்கறேன். ஸ்டார்ட்டருக்கு நேரம் தெரியும், ஒரு தடவை சூடு பண்ணினா போதும். புல்பென்ல இருந்து (மாத்து பிட்ச்சர்கள் சூடு பண்ற இடம்) கூப்பிட்டா எழுந்து சூடு பண்ணி, உக்காந்து, மறுபடி சூடு பண்ணணும். அந்தப் பந்துகளை யாரும் கணக்குல எழுத மாட்டாங்க, கைதான் எழுதும். ஆனா மூணு இன்னிங்ஸ்ல நல்லா வீசினா கோச் நிறுத்துவாரா? ஸ்கீன்ஸ்தான் போதும்னு சொல்லுவாரா? வயசு 21, விமானப்படை அகாடமில இருந்து வந்தவர். 2009ல டெக்சாஸோட ஆஸ்டின் வுட் 25 இன்னிங்ஸ் போன ஆட்டத்துல, ரிலீஃபா (நடுவுல மாத்து பிட்ச்சரா) வந்து 13 இன்னிங்ஸ், 169 பந்து வீசினார். அவரும் போதும்னு சொல்லல. மேஜர் லீக்ல அவர் ஒரு பந்துகூட வீசல.

ஃபிரெஸ்னோ சுந்தர் (பகல் 2:04)
டிராஃப்ட்ல (மேஜர் லீக் டீம்கள் புதுப் பசங்களைத் தேர்ந்தெடுக்கறது) எடுக்கப்படற பசங்கள்ல பெரும்பாலானவங்க மேஜர் லீக் மண்ணை மிதிக்கிறதே இல்ல. அந்த ஒரு ராத்திரி தலைல எல்லாத்தையும் கட்டக்கூடாது.

ஹூஸ்டன் அக்கா (பகல் 2:10)
அதுவும் சரிதான். ஆனா இன்னும் ரெண்டு வாரத்துல டிராஃப்ட். முதல் ரெண்டு பேர்ல ஒருத்தனா போகப் போற பையன், கோடிக்கணக்கான டாலர். கோப்பை வந்தா கோச்சுக்கும் காலேஜுக்கும் பேரு. கை போனா அவங்கம்மாதான் அழணும்.

பேட்டன்ரூஜ் பாலா (மாலை 6:24)
முதல் இன்னிங்ஸ். ஹர்ட்தான் வீசறான். வயட் லாங்ஃபோர்ட் ஹோம் ரன். 2-0 ஃபுளோரிடா. நான் எதுவும் சொல்லல. சொல்லவே இல்ல.

ஹூஸ்டன் அக்கா (மாலை 6:27)
சொல்லாதீங்க. பொறுங்க.

பேட்டன்ரூஜ் பாலா (மாலை 7:06)
ரெண்டாவது இன்னிங்ஸ்ல நமக்கு ஆறு ரன்!!! அவங்க பிட்ச்சர் காக்லியனோனை வெளியே எடுத்துட்டாங்க! அக்கா உங்க வாய்க்கு சர்க்கரை.

ஹூஸ்டன் அக்கா (இரவு 10:02)
18-4. ஏழாவது கோப்பை. லாங்ஃபோர்ட் அடிச்சதோட சரி, அப்புறம் ஹர்ட் ஒரு ரன்கூட விடல, ஆறு இன்னிங்ஸ். ஸ்கீன்ஸ் ஒரு பந்துகூட வீசல. மன்னிப்புக் கடிதங்களை வரிசையா இங்க போடவும்.

ஃபிரெஸ்னோ சுந்தர் (இரவு 10:15)
வாழ்த்துகள். ஆனா கடிதமெல்லாம் கிடையாது. 18 ரன் அடிச்சா எங்க பாட்டி வீசினாலும் ஜெயிக்கும். இது 3-2 ஆட்டமா இருந்து தோத்திருந்தா, இதே ஹர்டை வச்சு இந்நேரம் ஜான்சனை வறுத்தெடுத்திருப்பீங்க. முடிவு நல்லா வந்ததால தேர்வு சரின்னு ஆகாது.

முழங்கை டாக்டர் (இரவு 10:31)
அதைத்தான் நானும் சொல்றேன். தோத்திருந்தாலும் தேர்வு சரிதான்.

ஃபிரெஸ்னோ சுந்தர் (2025 நவம்பர் 14, இரவு 8:40)
பழைய திரியைத் தூசி தட்டறேன். ஸ்கீன்ஸ் மேஜர் லீக்ல போன வருஷம் ஆண்டின் சிறந்த புதுமுகம், இந்த வருஷம் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது, ஒரு ஓட்டுகூட சிதறாம. பிட்ஸ்பர்க் மாதிரி தோக்கற டீம்ல இருந்துக்கிட்டு சராசரி 1.97 (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன்). டாக்டர் சார், இந்தக் கை அன்னிக்கு மூணு இன்னிங்ஸ் தாங்கியிருக்காதா?

முழங்கை டாக்டர் (இரவு 9:12)
அன்னிக்கு வீசாததாலதான் சுந்தர் இந்தக் கை இப்படி இருக்கு.

ஃபிரெஸ்னோ சுந்தர் (இரவு 9:15)
அதை எப்படி நிரூபிப்பீங்க?

முழங்கை டாக்டர் (இரவு 9:16)
நீங்க உங்க கட்சியை எப்படி நிரூபிப்பீங்களோ, அப்படித்தான்.

சேப்பாக்கம் சீனு (இரவு 9:30)
நானும் இன்னும் இங்கதான் இருக்கேன். சை யங்னா யாரு?

ஃபிரெஸ்னோ சுந்தர் (இரவு 9:41)
அந்தக் காலத்து பிட்ச்சர். 511 ஆட்டம் ஜெயிச்சவர், இன்னிக்கு வரைக்கும் யாரும் கிட்ட நெருங்கல. 749 ஆட்டத்துல ஆரம்பிச்சதை அவரேதான் முடிச்சிருக்கார், வேற யாரையும் கூப்பிடல. டாக்டர் சார் கவனிச்சீங்களா? 749.

முழங்கை டாக்டர் (இரவு 9:44)
அவர் நூறு மைல் வேகத்துல வீசினார்னு உங்ககிட்ட யார் சொன்னது?