ஹாரிஸா, ஃபோர்ட் பெண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அமெரிக்காவில் டெக்சாஸின் ஹூஸ்டன் பக்கம், ஹாரிஸ் அல்லது ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் (மாவட்டம் போன்றது) வீடு தேடுகிறோம். ஃபெமாவின் (அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) இயற்கைப் பேரிடர் ஆபத்துக் குறியீடான நேஷனல் ரிஸ்க் இண்டெக்ஸில் ஹாரிஸ் கவுண்டிக்கு ஆபத்து மிக அதிகம் என்று வருகிறது. ஆனால் வெள்ளம், சூறாவளி என்று 18 பேரிடர்களால் எதிர்பார்க்கப்படும் ஆண்டு இழப்பை டாலரில் கூட்டி, அதை அங்குள்ள மக்களின் பாதிப்புக்குள்ளாகும் தன்மைக்கும் மீளும் திறனுக்கும் ஏற்பச் சரிசெய்துதானே அந்த மதிப்பெண்ணே? ஆளும் கட்டடமும் நிறைந்த கவுண்டி எப்படியும் மேலேதான் நிற்கும். அப்படியிருக்க, பக்கத்து ஃபோர்ட் பெண்டோடு எப்படி ஒப்பிடுவது? சென்சஸ் ட்ராக்ட் (மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதி) அளவில் பார்த்தால் போதுமா?

2017 ஹார்வி புயலில் ஹூஸ்டனுக்கு மேற்கே உள்ள பார்க்கர் அணைக்குப் பின்பக்கம் (நீர் தேங்கும் பக்கம்), வெள்ள அபாய வரைபடத்துக்கு வெளியே இருந்த வீடுகளுக்குள்ளும் தண்ணீர் ஏறியதே, அதுதான் பயம். அந்தப் பக்கம் வாங்கியவர்கள் வேறு எதையெல்லாம் சரிபார்த்தீர்கள்? வெள்ளக் காப்பீடு தனியாக எடுத்தீர்களா? "இங்க தண்ணியே வராதுங்க" என்று ஏஜெண்ட் சொல்வதை மட்டும் நம்புவதாக இல்லை.