கோடியக்கரையில் திரும்பிப் போன ஆமை

மன்னார்குடியில் ஒரே பள்ளியில் படித்து, இப்போது வெவ்வேறு ஊர்களில் வேலை பார்க்கும் நாங்கள் நான்கு நண்பர்கள், ஒரு பிப்ரவரி மாத வார இறுதியில் கோடியக்கரைக்குச் சென்றோம். கடைமடைப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்திருந்தும், நெல் வயல்கள் முடிந்து உப்பளங்கள் தொடங்கும் அந்தத் தென்கிழக்கு மூலையை எங்களில் மூவர் அதுவரை பார்த்ததில்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரைக்கும் 37 கிலோமீட்டர் அகல ரயில் பாதை 2023-இல் திறக்கப்பட்டிருந்தாலும், எங்களுக்கு நேரம் ஒத்துவராததால் பேருந்திலேயே வேதாரண்யம் போய்ச் சேர்ந்தோம். அகஸ்தியம்பள்ளியில் சாலையின் இரு பக்கமும் கீற்று வேய்ந்த உப்புக் குவியல்கள் வரிசையாக நின்றன. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்த தொண்டர்கள் உப்பு அள்ளிய மண் அதுதான் என்பதால், நினைவுத் தூணின் முன் சிறிது நேரம் நின்றுவிட்டே கிளம்பினோம்.

அதைத் தாண்டினால் காடு. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டில் வெளிமான்கள் கூட்டமாக மேய்வதைச் சாலையிலிருந்தே பார்க்க முடிந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப் போட்ட மரங்களின் மொட்டை அடிமரங்கள் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன. அவற்றைச் சுற்றிப் பசுமை திரும்பியிருப்பதைக் கண்டபோது மனத்துக்கு ஆறுதலாக இருந்தது.

ஊர் சிறியது. கிழக்கே வங்கக் கடலும் தெற்கே பாக் நீரிணையுமாகக் கரை அங்கே சட்டென்று திரும்புகிறது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து, கடலோரத்தில் வாடி என்னும் குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்கிறார்கள். நாங்கள் போனபோது காலையில் காலா மீனும் நண்டும் ஏலம் போய்க்கொண்டிருந்தன. இவை எல்லாவற்றையும் பற்றித் தனியே எழுதலாம். நான் சொல்ல வந்தது அன்று இரவு நடந்தது.

பங்குனி ஆமை என்று மீனவர்கள் அழைக்கும் கடலாமை முட்டையிடக் கரையேறும் காலம் அது. வனத்துறையில் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற்றிருந்தோம். எங்களோடு வந்த காவலர் ஐம்பது வயதைத் தாண்டியவர், அதே பகுதிக்காரர். கிளம்பும்போது அவர் விதித்த நிபந்தனைகள் இரண்டுதான்: பேசக் கூடாது, வெளிச்சம் கூடாது. அவர் கையிலிருந்த டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தது. அதையும் அவசியம் வந்தாலொழிய அவர் பயன்படுத்தவில்லை. நிலவில்லாத இரவு. கடற்காற்று நிற்காமல் வந்து மோதியது. குழகர் கோயில் இறைவனைப் பார்த்து, இந்தக் கரையில் யார் துணையோடு இருக்கிறீர் என்று சுந்தரர் மனம் நொந்து கேட்டதன் பொருள், அந்த இருட்டில் நடந்தபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

பதினொன்றரை மணி இருக்கும். காவலர் கையை நீட்டி எங்களை நிறுத்தினார். அலை வழிந்து திரும்பிய ஈர மணலில் ஒரு கரிய மேடு அசைந்தது. இரண்டு தப்படி நகர்வதும், மூச்சு வாங்க நிற்பதும், மறுபடி நகர்வதுமாக அது மேலே ஏறியது. தண்ணீரில் அத்தனை லகுவாக நீந்தும் உடம்பு, மணலில் தன் எடையைத் தானே இழுத்துக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது, ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கத் தோன்றும். எங்களுக்கும் அதற்கும் இடையே இருபதடி தூரம்கூட இல்லாத நேரத்தில், எங்களில் ஒருவன் கைபேசியை எடுத்தான். வீட்டிலிருக்கும் மகளுக்குக் காட்ட வேண்டும் என்பதைத் தவிர அவன் மனத்தில் வேறு எதுவும் இல்லை. வீடியோ பொத்தானை அழுத்தியதும் வெள்ளை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

ஆமை தலையை உயர்த்தியது. ஓரிரு நொடிகள் அசையவே இல்லை. பிறகு முன்துடுப்புகளால் மணலை ஓங்கி அறைந்து, அரைவட்டமாகத் திரும்பி, ஏறி வந்ததைவிட வேகமாகக் கடலுக்குள் இறங்கிவிட்டது. மணலில் வளைந்த தடம் ஒன்றுதான் மிஞ்சியது, வயலில் டிராக்டர் திரும்பிய இடத்தில் விழும் தடத்தைப் போல.

காவலர் கோபப்படவில்லை. "வயித்துல முட்டையோட திரும்பிப் போவுது தம்பி. நாளைக்கு வரலாம், வேற எங்கயாச்சும் ஏறலாம். எடமே கெடைக்கலன்னா கடல்லயே விட்ரும்," என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் எங்களுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும். நண்பன் கைபேசியை அணைத்து, பையின் அடியில் வைத்துவிட்டு, அதன்பின் அரை மணி நேரம் எங்களுக்குப் பின்னால் தனியாகவே நடந்து வந்தான்.

இரண்டு மணிக்கு மேல் இன்னொரு ஆமை ஏறியது. இம்முறை வெகு தொலைவிலேயே மணலில் குப்புறப் படுத்துக்கொண்டோம். அது இடம் தேர்ந்து, குழி பறித்து, முட்டையிடத் தொடங்கிய பிறகே காவலர் எங்களைப் பின்புறமாக அருகில் அழைத்துச் சென்றார். இடத் தொடங்கிவிட்டால் அது எளிதில் எழுந்து போகாது என்றார். பின்துடுப்பைச் சிரட்டை போலக் குவித்து அது மணல் அள்ளியிருந்த நேர்த்தியை அங்கேதான் கண்டேன். வாய் குறுகி, உள்ளே குடம்போல் அகன்று, ஒன்றரை அடி ஆழத்துக்கு இறங்கியிருந்த அந்தக் குழியைத் தன் கண்ணால் ஒரு முறைகூடப் பார்க்காமலேயே அது தோண்டியிருந்தது. முட்டைகள் டேபிள் டென்னிஸ் பந்து அளவில், வெள்ளையாக, வழவழப்பான நீரோடு இரண்டும் மூன்றுமாக விழுந்தன. கண்ணோரம் நீர் வழிந்தது. உடம்பிலுள்ள மிகையான உப்பை வெளியேற்றும் சுரப்பியின் நீர் அது என்று நான் படித்திருக்கிறேன். ஆனாலும் அந்த நேரத்தில் அதை அழுகையாகவே பார்த்தேன். முடிந்ததும் குழியை மூடி, தன் உடம்பை இடமும் வலமுமாகத் தூக்கித் தூக்கிப் போட்டு மணலைக் கெட்டித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விட்டது.

நாயும் நரியும் கிளறிவிடும் என்பதால், காவலர் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாக எண்ணினோம்: 118. உருட்டாமல், தலைகீழாகத் திருப்பாமல், தாய் பறித்த குழியின் அதே அளவில் வேறு குழி பறித்து வைத்து, தேதி எழுதிய குச்சியை நட்டார். மேலே நிழலுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். மணல் சூடு மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் அதிகமாகும் என்பதையும், சூடு அளவு மீறினால் கருவே வெந்துவிடும் என்பதையும் அவர் விளக்கியபோது, அந்தக் கீற்றுப் பந்தலின் அருமை புரிந்தது.

விடிந்ததும் கரையோரம் நடந்தோம். வாடிகளுக்கு வடக்கே ஓர் ஆமை செத்து ஒதுங்கிக் கிடந்தது. கழுத்து வீங்கி, கண்கள் பிதுங்கியிருந்தன. ஆமை மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டிய உயிர். இழுவலையில் சிக்கி நீண்ட நேரம் நீருக்குள் இழுபட்டால் மூழ்கிச் செத்துப்போகும். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வலையிலிருந்து ஆமை தப்பிச் செல்ல வழிவிடும் சாதனமும் இருக்கிறது. அங்கே வலை சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், "நாங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப கூடை கூடையா முட்டை எடுத்துத் தின்னவங்கதான் தம்பி. இப்ப யாரும் தொடுறதில்ல. வலையிலதான் போவுது," என்றார். சிறு படகில் போய் அன்றன்றைக்குப் பிழைப்பவர்கள்மீது இந்தப் பழியைச் சுமத்துவது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஏப்ரல் முதல் வாரத்தில் காவலரிடமிருந்து அழைப்பு வந்தது. 48-ஆம் நாள். இம்முறை இருவர்தான் போக முடிந்தது. கைபேசியை எடுத்த நண்பன் தன் மகளையும் அழைத்து வந்திருந்தான். குழியின் நடுவில் மணல் உள்வாங்கி, கட்டைவிரல் நீளத்தில் கரிய குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக முண்டிக்கொண்டு வந்தன. கூடையில் எடுத்துச் சென்று, அலைக்குப் பத்தடி முன்னால் மணலில் விட்டோம். கடலின் மேல் தெரியும் மெல்லிய வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அவை திசை அறிகின்றன. அதனாலேயே அந்த நேரத்தில் பின்னால் இருந்த தேநீர்க் கடையின் மின்விளக்கை அணைக்கச் சொல்லி நண்பன் ஓடினான். கடைக்காரர் உடனே அணைத்துவிட்டார்.

கடைசிக் குஞ்சு மட்டும் மிகவும் தாமதித்தது. முதல் அலை அதைப் புரட்டிக் கரைக்கே தள்ளியது. குப்புற விழுந்து, நிமிர்ந்து, மறுபடி நடந்தது. அந்தக் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த அலை வடிந்தபோது மணல் வெறுமையாக இருந்தது. காவலர் பொரிப்பகத்துக்குத் திரும்பி, குச்சியைப் பிடுங்கிவிட்டு, கணக்கேட்டில் 118-க்கு எதிரே 97 என்று எழுதினார்.