தொண்டு நிறுவனத்தில் சேர விரும்புகிறேன், வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். வார இறுதியில் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துக்கு உழைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எனக்குக் கணக்கு எழுதத் தெரியும், களப்பணி பழக்கமில்லை.

இந்தத் துறையைப் பற்றிப் படித்ததில் ஒன்று மனதில் நின்றுவிட்டது. ஒரு திட்டத்துக்கென்று கொடுத்த நன்கொடையை அந்தத் திட்டத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும். அலுவலக வாடகைக்கோ கரண்ட் பில்லுக்கோ இஷ்டப்படி எடுக்க முடியாது. வங்கியில் பணம் இருந்தும் சில அமைப்புகள் சம்பளம் போடத் திணறுவது இதனால்தான். 'நிர்வாகச் செலவு குறைவு' என்பதை மட்டும் வைத்து நல்ல அமைப்பு என்று முடிவு கட்டக் கூடாது என்றே எனக்குப் படுகிறது. ரசீது போடவும், வவுச்சர்களை அடுக்கி ஆடிட்டுக்குத் தயார் செய்யவும் ஆள் வேண்டுமே!

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ஆண்டறிக்கையில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? அறங்காவலர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்றால் ஒதுங்கிவிடலாமா? குழந்தைகளோடு பழகும் வேலைக்கு எந்த விசாரணையும் இல்லாமல் உடனே சேர்த்துக்கொள்ளும் இடத்தை நான் நம்ப மாட்டேன். வேறு என்னென்ன கவனிக்க வேண்டும்? மாதம் இரண்டு நாள் மட்டும் வருகிறேன் என்றால் அவர்களுக்குப் பாரமாகிவிடுவேனா? கணக்கு வேலைக்கு ஆள் தேடும் சின்ன அமைப்பு தெரிந்தால் கீழே எழுதுங்கள்.