ஃபில்டர் இல்லாம போட்டோவுக்கே நிக்க மாட்டேங்குறா தங்கச்சி, என்ன பண்ணலாம்?

தேனிப்பொண்ணு:
தங்கச்சி ப்ளஸ் ஒன் படிக்கிறா. இன்ஸ்டால ஒரு போட்டோ போட்டுட்டு எத்தன லைக்னு ஸ்க்ரீன இழுத்து இழுத்து பாத்துட்டே இருக்கா, அவ ஃப்ரெண்டுக்கு வந்த அளவு வரலன்னா உடனே டெலிட் பண்ணிட்டு போர்த்தி படுத்துக்கறா. போன வாரம் மாமா பொண்ணு நிச்சயத்துல எல்லாரும் சேந்து போட்டோ எடுக்கறப்ப இவ மட்டும் வரல, கேட்டா "என் போன்ல எடுத்தா வரேன், இல்லன்னா மூக்கு பெருசா தெரியும்"ங்கறா. நல்ல களையான புள்ளைங்க. அம்மா போன புடுங்கி பீரோல வைக்கணும்ங்கறாங்க, எனக்கு மனசு ஒப்பல.

சாரல்மழை:
புடுங்காதீங்க சிஸ், அப்புறம் உங்ககிட்ட எதையுமே சொல்ல மாட்டா. லைக் எண்ணிக்கைய மறைக்கற ஆப்ஷன் 2021லயே வந்துருச்சு, செட்டிங்ஸ்ல அவளையே மாத்த சொல்லுங்க. வீம்பு பண்றான்னு அம்மா நினைக்க வேணாம், அதே வருஷம் ஃபேஸ்புக்ல வேல பாத்த ஃபிரான்சிஸ் ஹாகன் வெளிய கொண்டு வந்த கம்பெனி ஆய்வுலயே, உடம்ப நெனச்சு மனசு சங்கடப்படற டீன்ஏஜ் பொண்ணுங்கள்ல 32% பேர் இன்ஸ்டா அத இன்னும் மோசமாக்குதுன்னு சொல்லிருக்காங்க.

ஸ்டுடியோக்காரன்:
கல்யாண போட்டோ எடுக்கறவன்மா நான். மூக்கு பெருசா தெரியறது கேமராவால. ஒரு அடி தூரத்துல புடிச்சா மூக்குதான் லென்ஸுக்கு கிட்ட இருக்கும், அஞ்சடி தள்ளி எடுக்கறத விட கிட்டத்தட்ட 30% அகலமா தெரியும்னு 2018ல அமெரிக்க டாக்டருங்க கணக்கு போட்டு சொன்னாங்க. ஜன்னல் வெளிச்சத்துல நிக்க வச்சு பின்பக்க கேமரால தள்ளி நின்னு எடுத்து, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டுங்க. "அண்ணா, கலர கொஞ்சம் கூட்டிருங்க"ன்னு கேக்காத பொண்ணே என்கிட்ட வர்றதில்ல, மாநிறத்த வெளுத்து காட்டற ஃபில்டர தினம் பாத்துட்டு கண்ணாடி முன்னாடி நின்னா அவங்க மூஞ்சியே அவங்களுக்கு அந்நியமா தெரியுது, அத பாக்கறப்ப வயிறு எரியுதும்மா.

கடலூர்டீச்சர்:
சாப்பாட்ட குறைக்கறாளா, தூங்கறாளான்னு கவனிங்கம்மா. வாழவே புடிக்கலங்கற மாதிரி ஒரு வார்த்தை வந்தாகூட தள்ளிப்போடாம 14416 டெலி மானஸுக்கு, அதான் அரசாங்கத்தோட மனநல உதவி நம்பருக்கு போடுங்க, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

தேனிப்பொண்ணு:
அண்ணா, காலைலயே எடுத்து காட்டுனேன், ரெண்டையும் ஜூம் பண்ணி ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தா, தள்ளி எடுத்தத மட்டும் அவ போனுக்கு அனுப்ப சொன்னா. லைக்க மறைக்கறதுக்குதான் ஒத்துக்கவே மாட்டேங்குறா, ஃப்ரெண்டுக்கு எத்தனன்னு தெரியணுமாம். சாப்பாடு ஒழுங்காத்தான் சாப்பிடறா டீச்சர், தூக்கத்த இனிமே பாக்கறேன்.