டிராக்டர் லிப்ட் உயரம் போதவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பம்பை அல்ல

தொளி உழவில் (தண்ணீர் கட்டி வயலைச் சேறாக்கும் உழவு) வரப்பு ஏறும்போது டிராக்டரின் பின்னால் மாட்டிய ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கலக்கும் கருவி) இடித்து வரப்பை உடைக்கிறது, கருவியைத் தூக்கும் லிப்ட் லீவரைக் கடைசிவரை இழுத்தும் உயரம் போதவில்லை, ஹைட்ராலிக் பம்பை மாற்றச் சொல்கிறார்கள் என்று பூதப்பாண்டித் தம்பி கேட்டிருந்தார்.

தம்பி, பம்பில் கை வைக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் பம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பம்போ எண்ணெயோ கெட்டிருந்தால் கருவி திக்கித் திணறி ஏறும். பாரம் கூடினால் ஏறவே ஏறாது. சிலிண்டர் சீலோ வால்வோ கசிந்தால், தூக்கி நிறுத்திய கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும். உங்களுடையது விறுவிறுவென்று ஏறி ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போக அதற்கு வழியில்லை. குறை மூன்று புள்ளி இணைப்பின் அளவுகளில் இருக்கிறது. கீழே இரண்டு லோயர் லிங்க், மேலே ஒரு டாப் லிங்க் என்று மூன்று இடத்தில் கருவியை டிராக்டரோடு பிணைக்கும் அமைப்பு அது.

எங்கள் தோவாளைப் பக்கத்தில் கன்னிப்பூ (முதல் போக நெல்) தொடங்கும்போதெல்லாம் இந்தப் புகார் வரும். பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாயில் வந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொளி கலக்க வேண்டும். ஷெட்டில் சிமெண்ட் தரையில் தூக்கிப் பார்த்தால் உயரம் தாராளமாகத் தெரியும். கேஜ் வீல் (சேற்றில் ஓட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி வயலில் இறங்கினால் பின்சக்கரம் புதைகிறது, டிராக்டரோடு சேர்ந்து கருவியும் இறங்குகிறது. வரப்பு மட்டும் இருந்த உயரத்திலேயே நிற்கிறது. நாஞ்சில் நாட்டு வயல்களோ சிறியவை. ஒரு பொழுதுக்குள் எத்தனையோ வரப்பு தாண்ட வேண்டும். ஒரு வரப்பு உடைந்தால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும், பிறகு அந்த வீட்டுக்காரரோடு மனத்தாங்கல். அதனால் நான்கைந்து சென்டிமீட்டர்கூட நமக்குப் பெரிய விஷயம்.

லிப்ட் ஆர்ம், அதாவது ஹைட்ராலிக்கால் அசையும் தூக்குக் கை, ஏறி இறங்கும் கோணம் டிராக்டர் செய்யும்போதே முடிவானது. அந்த அசைவு லோயர் லிங்குக்கு எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதைத்தான் நாம் மாற்ற முடியும். அதற்கு மூன்று வழி உண்டு. மூன்றிலும் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றைப் பெற வேண்டும்.

முதலாவது, லிப்ட் ஆர்மையும் லோயர் லிங்கையும் இணைக்கும் லிப்ட் ராடைக் குறுக்குவது. வலது ராடில் லெவலிங் பாக்ஸ் இருக்கும், கைப்பிடியைச் சுற்றினால் நீளம் மாறும். லோயர் லிங்கின் முன் பின்னிலிருந்து கருவி மாட்டும் பந்து முனை வரை 80 செ.மீ. என்றும், ராடு மாட்டிய இடம் 40 செ.மீ.யில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ராடை 2 செ.மீ. குறுக்கினால் பந்து முனை ஏறத்தாழ 4 செ.மீ. உயரும். ஆனால் மேலே எவ்வளவு கிடைத்ததோ, கீழே அவ்வளவு போய்விடும். தொளிக்கு அது பெரிதில்லை. புழுதி உழவுக்குக் கல்டிவேட்டர் மாட்டும்போது கொழு ஆழமாக இறங்கவில்லையே என்று தலையைச் சொறிய வேண்டி வரும். இன்னொன்று, இரண்டு ராடையும் சமமாகக் குறுக்க வேண்டும். சில மாடல்களில் இடது ராடின் நீளத்தை மாற்ற முடியாது. அங்கே வலதை மட்டும் குறுக்கினால் கருவி ஒரு பக்கம் சாய்ந்து, தொளி மேடும் பள்ளமுமாகிவிடும். பிறகு எத்தனை முறை பரம்படித்தாலும் சரியாகாது.

இரண்டாவது, லோயர் லிங்கில் ராடு மாட்டும் துளையை மாற்றுவது. பல டிராக்டர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட துளை இருக்கும். டிராக்டருக்கு அருகிலுள்ள துளையில் மாட்டினால் கருவி ஏறி இறங்கும் தூரம் கூடும். தூக்கும் பலம் குறையும். பின்துளையில் மாட்டினால் பலம் கூடும், உயரம் குறையும். சேறு அப்பிய ரோட்டவேட்டரின் எடையை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும்.

மூன்றாவதைத்தான் நான் உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன்: டாப் லிங்க். வரப்பில் இடிப்பது பெரும்பாலும் ரோட்டவேட்டரின் பின்பலகைதான். டாப் லிங்கைக் குறுக்கினால் பின்பக்கம் உயரும், ஆனால் உழும்போதும் கருவி முன்பக்கம் சாய்ந்தே ஓடும். அது நல்லதல்ல. அதற்குப் பதிலாக, டிராக்டர் பக்கம் டாப் லிங்க் மாட்டும் தாங்கியைப் பாருங்கள். ஒன்றன்கீழ் ஒன்றாகத் துளைகள் இருக்கும். மேல் துளையிலிருந்து கீழ்த் துளைக்கு மாற்றி, கருவி தரையில் சமமாக நிற்கும்படி டாப் லிங்க் நீளத்தை மறுபடி திருகி வையுங்கள். உழும்போது பழைய மட்டத்திலேயே ஓடும். தூக்கும்போது பின்பக்கம் முன்னைவிடக் கூடுதலாக நிமிரும். டாப் லிங்கும் லோயர் லிங்கும் முன்பக்கமாக எவ்வளவு நெருங்கி வருகின்றனவோ, அந்த அளவுக்குத் தூக்கும்போது கருவியின் வால் உயரும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. டிராப்ட் கண்ட்ரோலில் (கலப்பையின் இழுவிசையை உணர்ந்து லிப்ட் தானாக ஆழத்தைச் சரிசெய்யும் முறை) உழும்போது மட்டும் இந்தத் துளை ஆழக் கட்டுப்பாட்டின் உணர்வையும் மாற்றும் என்பதால், கலப்பை மாட்டும் நாளில் பழைய துளைக்குத் திரும்பிவிடுங்கள்.

இவை எதுவும் உதவவில்லை என்றால், லிப்டைச் சமீபத்தில் யாராவது பிரித்தார்களா என்று விசாரியுங்கள். தாழக்குடியில் ஒருவரின் டிராக்டர், சீல் மாற்றி வந்த பிறகு ஒரு சாண் குறைவாகத் தூக்கியது. பட்டறைக்காரர் பம்பைச் சொன்னார், எண்ணெயைச் சொன்னார். நாங்கள் மண்ணெண்ணெய் நனைத்த துணியால், லிப்ட் ஆர்ம்கள் மாட்டும் குறுக்குத் தண்டின் முனையைத் துடைத்தோம். கிரீஸும் மண்ணும் கட்டியாகப் பெயர்ந்து வந்த பிறகு, தண்டின் முனையில் உளியால் குத்தியதுபோல ஒரு புள்ளி தெரிந்தது; லிப்ட் ஆர்மிலும் ஒரு புள்ளி. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். அங்கே ஒரு பல் தள்ளி நின்றது. மறுபக்கமும் அப்படியே. இரண்டு ஆர்மையும் கழற்றிப் புள்ளியோடு புள்ளி சேர்த்து மாட்டியதும் பழைய உயரம் வந்துவிட்டது. அந்த மனிதர் புதுப் பம்புக்கு முன்பணம் கொடுக்கப் போகிற நேரம் அது.

*

திருவட்டாறு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அண்ணாச்சி சொன்ன இரண்டாவது வழியை எங்கள் வீட்டில் அனுபவித்திருக்கிறோம். எங்களுக்கு வயலைவிட விளைதான் (மேட்டுத் தோட்டம்) அதிகம், மரச்சீனியும் (மரவள்ளி) வாழையும். தட்டுத் தட்டான நிலம் என்பதால் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு ஏறும்போது கருவியின் பின்பக்கம் மண்ணில் குத்தும். வண்டி ஓட்ட வந்தவர் லிப்ட் ராடை முன்துளைக்கு மாற்றிக் கொடுத்தார். வெயில் நாளில் நன்றாக இருந்தது. எங்களுக்குத்தான் இரண்டு பருவமழையும் உண்டே; மழையில் செம்மண் ஒட்டிக்கொண்டதும் லிப்ட் முனகியதே தவிர, கருவி பாதியில் நின்றது. பின்துளைக்கே திரும்பி, டாப் லிங்கைச் சரிசெய்துகொண்டோம்.

ஏற்றச் சாலையில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கருவியை மிக உயரத் தூக்கிக்கொண்டு ஏற்றம் ஏறினால் முன்சக்கரம் இலேசாகிவிடும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. முன்பக்க எடைகளைக் கழற்றிப் போட்டிருந்தால் திரும்ப மாட்டுங்கள். தரையில் இடிக்காத அளவு தூக்கினால் போதும்.

டாப் லிங்க் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லாமல் விட மனமில்லை. எங்கள் பக்கத்தில் ரப்பர் மரம் வெட்டிய பிறகு அடிக்கட்டையை இழுக்க டாப் லிங்க் தாங்கியில் சங்கிலி கட்டுகிறார்கள். பழைய காலத்து டிராக்டர்களில் கலப்பை பாறையில் சிக்கினால் வண்டி பின்னால் மல்லாந்து ஓட்டுநர் மேலேயே விழும். ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய மூன்று புள்ளி இணைப்பு, 1936இல் ஃபெர்குசன்-பிரவுன் டிராக்டரோடு விற்பனைக்கு வந்தபோது, அந்த ஆபத்தை டாப் லிங்கின் தாங்கலால் தடுத்தது. அதே தாங்கியில் சங்கிலி கட்டி இழுத்தால் அந்தப் பழைய ஆபத்தை நாமே கூப்பிடுகிறோம். இழுப்பதென்றால் கீழே உள்ள டிராபாரில் (இழுவைச் சட்டம்) மட்டும் கட்டுங்கள். தயவுசெய்து.

*

மார்த்தாண்டத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். மேலே சொன்னவை சரி. வேலை செய்கிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பின்களைப் பாருங்கள். இந்த இணைப்பில் அளவு வாரியாக வகைகள் உண்டு; முதல் வகைக் (கேட்டகரி 1) கருவியின் லோயர் லிங்க் பின் 22 மி.மீ., இரண்டாம் வகைக்கு 28 மி.மீ. பெரிய பந்தில் சின்னப் பின்னைப் புஷ் இல்லாமல் சொருகி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். தேய்ந்த துளை, நீண்டுபோன துளை, ஆடும் பந்து என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உயரம் போகும். கருவியின் கடைசி முனைக்கு வரும்போது எல்லாம் சேர்ந்து பெரிதாகத் தெரியும். ராடைத் திருகுமுன் இவற்றை மாற்றுங்கள்.

உயரத்தைக் கூட்டிய பிறகு பிடிஓ ஷாப்டை (இன்ஜின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் தண்டு) மறக்கக் கூடாது. கருவி உயர உயர ஷாப்டின் மூட்டு மடங்கும். தூக்கிய நிலையில் சுற்ற விட்டால் குறுக்குத் துண்டு உடையும். வரப்பு ஏறுமுன் பிடிஓவை நிறுத்துங்கள். ஷாப்டின் இரண்டு குழாய்களும் எங்கேயும் அடிமுட்டக் கூடாது, கழன்று வரும் அளவுக்கு விலகவும் கூடாது. அதனால் மாற்றம் செய்தபின் முதல் தடவை இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, ஷாப்டு, மட்கார்டு, டாப் லிங்க் எதிலும் முட்டவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே வயலுக்கு எடுங்கள். முழு உயரத்தில் ரிலீப் வால்வு (எண்ணெய் அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் வால்வு) விடாமல் கத்தினால், லீவரின் திருகை நீங்களாகத் திருக வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சரிசெய்யும்போது கருவி தரையில் இருக்க வேண்டும், இன்ஜின் நிற்க வேண்டும். தூக்கி வைத்துத்தான் பார்க்க வேண்டுமென்றால் அடியில் கனமான மரக்கட்டை கொடுங்கள். ஹைட்ராலிக்கை நம்பிக் கீழே கை நீட்டாதீர்கள்.

*

பூதப்பாண்டியிலிருந்து. எல்லோருக்கும் நன்றி அண்ணாச்சி. இன்றைக்குப் பார்த்தேன், டாப் லிங்க் மேல் துளையில்தான் இருந்தது. கீழே மாற்றி, சமமாக்கித் தூக்கினேன். பின்பலகை நன்றாகவே நிமிர்கிறது. வலது ராடின் லெவலிங் பாக்ஸ் துருப்பிடித்து அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறேன். இடது பக்கத்துப் பந்தும் ஆடுகிறது, புது பந்து வாங்கி மாட்டிவிட்டுத்தான் வயலில் இறக்கப் போகிறேன்.