மறுநாளே பஞ்சு படர்கிற தக்காளி: என்ன செய்யலாம்?

கேள்வி: கடைத்தெரு
மொத்தச் சந்தையில் விடிகாலையில் எடுக்கும்போது பழம் கெட்டியாகத்தான் இருக்கிறது. மறுநாள் பெட்டியைக் கவிழ்த்தால் நடுவில் ஐந்தாறு பழம் வெள்ளைப் பஞ்சு படர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, சாறு வடிந்து கிடக்கிறது. வேறு சிலவற்றில் காம்பு இருந்த இடம் மட்டும் கறுத்துவிடுகிறது. குளிர்ந்த தண்ணீரில் அலசி வைத்தும் நிற்கவில்லை. மருந்து ஏதாவது தெளிக்கலாமா? கெட்ட இடத்தை நறுக்கிவிட்டு மீதியை உணவகங்களுக்குக் கொடுக்கலாமா?

பதில்: பெட்டி பிரிக்கிறவன்
தம்பி, எனக்கு மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. நீங்கள் சொல்வது ஒரே நோய் இல்லை.

பஞ்சு மாதிரி படர்வது ரைசோபஸ் என்கிற பூஞ்சை. உற்றுப் பாருங்கள், நூல்களின் நுனியில் குண்டூசித் தலை போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும், வித்துகள் அதற்குள்தான். கீறலும் நசுங்கலும் அதற்கு வாசல். ஒரு பழத்தில் பிடித்துவிட்டால் போதும், தொட்டுக்கொண்டிருக்கிற நல்ல பழத்துக்குள்ளும் நூலை நீட்டிப் புகுந்துவிடும். அதனால்தான் கூட்டமாக அழுகுகிறது. காம்படியில் கறுத்துக் குழிவிழுவது பெரும்பாலும் ஆல்டர்னேரியா என்கிற வேறொரு பூஞ்சை. வெயில் சுட்ட பழத்திலும் குளிர் தாக்கிய பழத்திலும் அது சுலபமாக ஏறும். புளித்த வாடையோடு தோல் சுருங்கி நீர்த்துப் போனால் ஜியோட்ரிக்கம், அதுவும் ஒரு பூஞ்சைதான். அதைப் பழ ஈ ஊர் ஊராகச் சுமக்கும்.

குளிர்ந்த தண்ணீரில் அலசுவதை முதலில் விடுங்கள். தக்காளித் தோலில் மூச்சுத் துளை கிடையாது. காற்று போய்வருவது முக்கியமாகக் காம்புத் தழும்பு வழியேதான். வெயிலில் வந்த சூடான பழத்தைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, தண்ணீரை அந்தத் தழும்பு வழியே இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் மிதக்கிற வித்தும் கூடவே போய்விடும். அப்புறம் மேலே எவ்வளவு துடைத்து என்ன? கழுவியே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் பழத்தின் உட்சூட்டைவிட 5 டிகிரி கூடுதலாக இருக்கட்டும், ஈரம் காயாமல் அடுக்காதீர்கள்.

மருந்தா? வேண்டவே வேண்டாம். நாளைக்கே சாப்பிடப்போகிற பழம் அது. காயத்துக்குள் போய்விட்ட பூஞ்சையை மேலே தெளிக்கிற எதுவும் எட்டாது. பெட்டியைக் கழுவ ப்ளீச்சிங் கரைசல் நல்லது. ஆனால் பெட்டியில் ஒட்டிய சாற்றையும் சேற்றையும் தேய்த்து எடுத்த பிறகு ஊற்றுங்கள், அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும்.

பதில்: தோட்டத்துக்காரன்
அண்ணன் சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன்: வட்டமாகக் குழிந்து நடுவில் கறுப்பு வளையம் வருகிற ஆந்த்ரக்னோஸ் என்கிற பூஞ்சை நோய் தோட்டத்திலேயே பச்சைக் காய்க்குள் போய் ஒளிந்திருக்கும், பழுத்த பிறகுதான் தலைகாட்டும். அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. மழை பெய்த கையோடு ஈரக் காயைப் பறிப்பதும் எங்கள் பக்கத் தப்புதான்.

கடைத்தெரு
நன்றி அண்ணே. ஃபிரிட்ஜில் வைத்தால் நிற்குமா? நறுக்கிக் கொடுப்பது பற்றியும் சொல்லுங்கள்.

பெட்டி பிரிக்கிறவன்
ரைசோபஸ் 5 டிகிரிக்குக் கீழே வளராது, உண்மைதான். ஆனால் அந்தக் குளிரைத் தக்காளியே தாங்காது. பச்சையும் செங்காயும் 13 டிகிரிக்குக் கீழே பல நாள் கிடந்தால் சரியாகப் பழுக்காது, வெளியே எடுத்ததும் ஆல்டர்னேரியா ஏறும். நன்றாகச் சிவந்த பழம் 10 டிகிரி வரை பரவாயில்லை.

நறுக்கிக் கொடுக்காதீர்கள். தக்காளி முழுக்கத் தண்ணீர். பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிற இடத்தைத் தாண்டி உள்ளே போயிருக்கும். ஆல்டர்னேரியா விடுகிற நஞ்சுகள் கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. நசுங்கியும் பூஞ்சை பிடிக்காத பழம் இருக்கிறதே, அதை அன்றைக்கே உணவகத்துக்குத் தள்ளிவிடுங்கள், அதில் தப்பில்லை.

வேலை இவ்வளவுதான்: பெட்டி வந்ததும் பிரித்து, கீறலும் கசிவும் உள்ளதைத் தனியே எடுங்கள். மாலையில் ஒருமுறை கை விட்டுப் புரட்டிப் பாருங்கள். விளிம்புக்கு மேலே குவித்து அடுத்த பெட்டியை ஏற்றாதீர்கள், மேல் வரிசை அங்கேதான் நசுங்குகிறது. அழுகலைக் கடைக்குப் பக்கத்திலேயே கொட்டி வைத்தால் ஈ திரும்ப உங்கள் பழத்துக்குத்தான் வரும்.